இருபது ரூபாய் நீலக் கயிறு

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை இரண்டு பையன்கள் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். அது நாலு காலையும் ஊன்றி நிற்கிறது. இன்னும் இழுக்கிறார்கள். முன்னங்கால் மடிந்து சிமெண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். 'பிடிவாதத்தப் பாரு' என்று கீழே ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் சிரிக்கவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. திட்டுகிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அந்த முப்பது விநாடி வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நான் பார்த்தது ஆட்டையும் இல்லை, பையன்களையும் இல்லை, கழுத்தில் இருந்த முடிச்சை. சுருக்கு முடிச்சு. நானும் ஒரு நாள் அதே முடிச்சைத்தான் போட்டிருந்தேன்.

என் சித்தி விளாத்திகுளம் பக்கம் ஆடு வளர்க்கிறாள். 2011இல் அரசு விலையில்லா ஆடு கொடுக்க ஆரம்பித்ததே, அந்தத் திட்டத்தில் இரண்டு வருஷம் கழித்து அவள் முறை வந்தது. நாலு ஆடு. அதிலிருந்து பெருகி, விற்று, நோயில் சிலதைப் பறிகொடுத்து, எப்போதும் ஒன்பது பத்து உருப்படி தொழுவில் நிற்கும். எல்லாம் கன்னி என்கிற இனத்து ஆடு. கறுப்பு உடம்பு, கொம்படியிலிருந்து மூக்கு வரை முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, காலிலும் வெள்ளை. நான் மதுரையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். விடுமுறைக்குப் போனால் ஆட்டோடு படம் எடுத்துக்கொள்வேன், குட்டியை மடியில் வைத்துக்கொள்வேன். அதனால் ஆட்டைப் பற்றித் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019 ஆவணியில் சித்தி ஒரு சினை ஆடு வாங்க வேண்டும் என்றாள். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு இருட்டோடு போனோம். சந்தையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள், ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்து வருகிறவர்கள், ஒரு கையில் டீ, மறு கையில் கிடாவின் பின்னங்கால். சித்தி ஒரு ஆட்டின் கீழுதட்டை விலக்கிப் பல் பார்த்தாள். ஆட்டுக்கு மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது, கீழ்ப்பல்தான் வயசு சொல்லும். "நாலு பல்லு" என்றாள். அப்படியென்றால் ஏறக்குறைய இரண்டு வயசு. மூணு மாச சினை என்றார் தரகர். சித்தி வயிற்றடியில் கையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அது சம்மதம். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டார். ஆட்டைத்தான் விற்றேன், கயிற்றை விற்கவில்லை என்பது வழக்கம். சித்தி வீட்டில் பழைய சேலையைக் கிழித்துத் திரித்த கயிறுதான் எல்லா ஆட்டுக்கும், அன்றைக்கு அதை எடுத்துவர மறந்துவிட்டாள். ஓரமாகக் கயிறு விற்றுக்கொண்டிருந்தவரிடம் நான் போனேன். பருத்திக் கயிறும் இருந்தது. அழுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் பளபளவென்று நீல நைலான் கயிறு, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, இருபது ரூபாய். நிறம் பிடித்து வாங்கினேன். இதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"நீ குட்டியானையில ஆட்டோட போ. வெலக்குல எறங்கி நெழல்ல நில்லு. நான் தவிடு வாங்கிட்டு பஸ்ல வந்திருதேன். தனியா நடத்தாத" என்றாள் சித்தி. விலக்கு என்றால் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடம். தெளிவாகத்தான் சொன்னாள்.

விலக்கிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்

வண்டியில் பன்னிரண்டு ஆடு. நம் ஆடு அவற்றோடு உரசிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தது. விலக்கில் டிரைவர் பின்கதவைத் திறந்தார், நான் கயிற்றைப் பிடித்தேன், அவர் ஆட்டின் பின்பக்கத்தைத் தள்ளினார், அது குதித்தது. வண்டி கிளம்பிய நொடியில் ஆடு கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தல் பசிக்குக் கத்துவது மாதிரி இல்லை. வண்டி போன திசையைப் பார்த்து, கழுத்தை நீட்டி, மூச்சு விடாமல். அரை மணி நேரம் முன்னால் அறிமுகமான அந்தப் பன்னிரண்டு ஆடுகளும்தான் அதற்கு அன்றைக்கு உலகத்தில் மிச்சமிருந்த சொந்தம். இது எனக்குப் பிறகு புரிந்தது. அப்போது எனக்குப் புரிந்தது வெயில் ஏறுகிறது என்பது மட்டும்.

பஸ்ஸைக் காணோம். ஒன்றரைக் கிலோமீட்டர்தானே என்று நடக்க ஆரம்பித்தேன். அதாவது நான் நடந்தேன். ஆடு நடக்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் போய் இழுத்தேன். கொஞ்சம் வந்தது, நின்றது. திரும்பி அதன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். வழியில் ஒரு சின்னப் பாலம், குழாய் போட்டு மேலே சிமெண்டு பூசியது. கரிசல் மண்ணின் கறுப்பு முடிந்து வெள்ளைச் சிமெண்டு தொடங்கும் அந்தக் கோட்டில் அது காலை ஊன்றிக்கொண்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. நான் இன்னும் பலமாக இழுத்தேன். அது உட்கார்ந்தது. உட்கார்ந்தால் விட்டுவிடுவேனா என்ற கோபத்தில் இழுத்துக்கொண்டே நின்றேன்.

நைலான் கயிற்றில் சுருக்கு முடிச்சு என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு பிசையும். இழுக்க இழுக்க இறுகும். கயிறு தளர்ந்தாலொழிய முடிச்சு தளராது. மெல்லிய கயிறு என்பதால் முடிக்குள் புதைந்து தோலை அறுக்கும். ஆட்டின் கத்தல் நின்றுபோனது. அப்பாடா, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது பக்கவாட்டில் சரிந்தபோது நாக்கு வெளியே வந்திருந்தது, தொண்டையிலிருந்து கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம்.

"ஏ தம்பி! கவுத்த விடு! விடுங்கேன்லா!"

ஓடைப் பக்கமிருந்து ஒரு ஆச்சி. கையில் தொரட்டிக் கம்பு, பின்னால் பத்துப் பதினைந்து ஆடு. அந்த வயசில் அப்படி ஓடிவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கயிற்றை விட்டேன். அவர் மண்ணில் மண்டியிட்டு, ஆட்டின் தலையைத் தன் தொடையில் வைத்து, முடிக்குள் விரலை விட்டுத் தேடினார். கயிறு எங்கே என்றே தெரியவில்லை, அவ்வளவு புதைந்திருந்தது. நகத்தை உள்ளே கொடுத்து நெம்பி முடிச்சைத் தளர்த்தினார். ஆடு ஒரு மூச்சு இழுத்தது. அந்த மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுப்புவார் என்று பார்த்தேன். எழுப்பவில்லை. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "இப்பம் ஊத்தாத, பொரையேறிச் செத்துப்போகும். சும்மா நில்லு" என்றார். சும்மா நின்றேன்.

"இழுக்கேன், வரமாட்டேங்கு ஆச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நீ இழுக்கதுனாலதான் வரமாட்டேங்கு."

இரண்டு விரல், மூன்றாவது விரல்

அப்புறம் அவர் செய்ததை ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். முதலில் சுருக்கை முழுசாக அவிழ்த்தார். தன் இடுப்பில் செருகியிருந்த துணிக்கயிற்றை எடுத்துக் கழுத்தைச் சுற்றி, இறுகாத முடிச்சாகப் போட்டார். காயம் பட்ட இடத்துக்கு மேலே, தாடைக்கும் காதுக்கும் பின்னால், மேட்டில் கட்டினார். நான் கட்டியிருந்தது கழுத்தின் அடியில், மார்புக்குப் பக்கத்தில். அங்கே கட்டினால் ஆடு தன் உடம்புப் பலம் முழுவதையும் கயிற்றில் சாய்க்கும், தலை மட்டும் நம் கையில் இருக்காது. மேலே கட்டினால் தலை நம் பக்கம் இருக்கும், தலை போகிற பக்கம் உடம்பு போகும். முடிச்சுப் போட்டபின் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டு வெரலு போகணும். மூணாவது வெரலு போகப்படாது" என்றார். மூன்று விரல் போகிற அளவு தொளதொளவென்று இருந்தால், ஆடு சொறிந்துகொள்ளக் காலைத் தூக்கும்போது குளம்பு கயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஆடு தானாக எழுந்தது. ஆச்சி அதன் முன்னால் போகவில்லை. அதன் தோள் பக்கமாகப் போய், ஆடு பார்க்கிற திசையையே பார்த்து நின்றார். ஒரு கை தாடைக்கு அடியில், தாங்குகிற மாதிரி. இன்னொரு கை வால் அடியில் லேசாக. கயிறு அவர் மணிக்கட்டில் தொய்ந்து கிடந்தது. எனக்கு இதுதான் அதிசயமாக இருந்தது. கயிறு எதையும் செய்யவில்லை. ஒரு அடி வைத்தார், ஆடும் வைத்தது. ஆடு நின்றால் அவரும் நின்றார். நிற்கும்போது தாடைக்கு அடியில் இருந்த கை முன்னால் லேசாக அழுத்தும், ஆடு கால் எடுத்த உடனே அந்த அழுத்தத்தை விட்டுவிடும். காலை வைத்தால் கை தளரும் என்று அந்த ஆட்டுக்கு ஐந்தாறு அடியிலேயே தெரிந்துவிட்டது. நான் இழுத்தபோது அது வந்தாலும் இழுத்தேன், வராவிட்டாலும் இழுத்தேன். இரண்டுக்கும் ஒரே பலன் என்றால் அது எதற்கு வர வேண்டும்?

பாலத்துக்கு வந்ததும் ஆடு மறுபடி நின்றது. ஆச்சி வாய்க்குள் நாக்கை உருட்டி ஒரு சத்தம் கொடுத்தார். மந்தையிலிருந்து ஒரு கிழட்டுப் பெட்டை ஆடு, ஒரு காது பாதி இல்லாதது, முன்னால் வந்து பாலத்தின் மேல் ஏறிச் சாவகாசமாக நடந்தது. அதன் பின்னால் நம் ஆடு மூக்கை நீட்டிக்கொண்டு ஏறிவிட்டது. நானும் பின்னால் போனேன். மூன்று பேரில் எனக்குத்தான் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒத்த ஆட்ட யாரும் நடத்துவாவளா? இன்னொண்ணு கூட இருந்தா நீ தொடவே வேண்டாம்" என்றார். கொஞ்ச தூரம் போய், "கவுறு ஓடிராம இருக்கதுக்குத்தான்யா. நடக்கதுக்கு இல்ல" என்றார். ஊர் எல்லை வரை வந்துவிட்டு, தன் கயிறு வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று திரும்பிப் போனார். விற்கிறவனே கயிற்றைத் தராத ஊர்.

சித்தி வந்து கழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "ரெண்டு வேளையும் நீயே போடு, ஈ மொய்க்க விடாத" என்று மட்டும் சொன்னாள். லீவு முடியும் வரை போட்டேன். முதல் இரண்டு நாள் நான் கிட்டே போனாலே அது தொழுவின் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிடிவாதம் என்ற சொல்

அதற்குப் பிறகு ஊருக்குப் போகிறபோதெல்லாம் சித்தியோடு தொழுவுக்குப் போகிறேன், படம் எடுக்க இல்லை. ஆட்டைப் பிடிக்கும்போது நாம் எல்லோரும் கைக்கு எது மாட்டுகிறதோ அதைப் பிடிக்கிறோம், காது, கொம்பு, பின்னங்கால், வால். பின்னங்காலை ஒற்றையாகப் பிடித்து நிறுத்தினால் துள்ளுகிற துள்ளலில் இடுப்பு மூட்டு விலகலாம். கொம்பு எலும்போடு சேர்ந்தது, உள்ளே ரத்த ஓட்டம் உண்டு. குட்டியின் கொம்பைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடவும் கூடும். குட்டியை மார்புக்கும் பின்தொடைக்கும் அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். சித்தி ஆட்டைத் துரத்தியே நான் பார்த்ததில்லை. தவிட்டுச் சட்டியைத் தட்டுவாள், எல்லாம் சுவர் ஓரமாக வந்து நெருக்கும், வேண்டியதன் பக்கவாட்டில் போய்த் தாடைக்கு அடியில் கை கொடுப்பாள். முடிந்தது. ஆட்டின் கண்ணுக்குள் கறுப்பு படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதனால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்று முழுவதும் அதற்குத் தெரியும், நேர் பின்னால் மட்டும்தான் இருட்டு. நாம் பதுங்கிப் போய் அமுக்கலாம் என்று பார்ப்பது அந்த ஒரு இடத்திலிருந்துதான். ஓநாயும் அப்படித்தான் வரும்.

ஒரு தடவை கால்நடை மருந்தகத்திலிருந்து ஊருக்கு முகாம் வந்தது, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, கூடவே குடற்புழு மருந்து. ஆட்டைப் பிடித்துக்கொடுக்கும் வேலை எனக்கு. சுவரில் அதன் பின்பக்கத்தை அண்டக் கொடுத்து, இரண்டு காலுக்கும் நடுவே அதன் தோளை நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு நின்றால் போதும், எவ்வளவு திமிறுகிற ஆடும் நிற்கும். மருந்து உள்ளே போகட்டும் என்று நான் தலையை வானம் பார்க்கத் தூக்கினேன். "சார், மூக்கு கண்ணுக்கு மேல போகக்கூடாது, மருந்து நுரையீரலுக்குப் போயிரும்" என்றார் மருத்துவர். ஆச்சி தண்ணீர் பாட்டிலைத் தடுத்தது ஞாபகம் வந்தது.

கிடா விஷயம் வேறு. அங்கே பாதுகாப்பு வேண்டியது நமக்கு. சித்தி மகன் சின்ன வயசில் ஒரு கிடாக்குட்டியின் நெற்றியில் கையை வைத்துத் தள்ளித் தள்ளி விளையாடுவான், அதுவும் தலையைக் குனிந்து முட்டும், பார்க்க அழகாக இருக்கும். எட்டு மாதம் கழித்து அதே விளையாட்டை முப்பது கிலோ உடம்போடு, பின்னங்காலில் எழுந்து நின்று, என் சித்தப்பாவின் முழங்காலில் ஆடியது. அவர் மூன்று வாரம் நொண்டினார். கிடாவுக்கு முதுகைக் காட்டக்கூடாது, குட்டியின் நெற்றியை விளையாட்டுக்கும் தள்ளக்கூடாது என்று அந்த வீட்டில் இப்போது சட்டம். சட்டம் என்றதும் ஒன்று. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே வந்துவிட்டது. ஆட்டை எப்படி வண்டியில் ஏற்றுவது என்பதற்கு 1978இல் தனி விதிகளும் வந்தன. என் கைக்கு வந்து சேர 2019 ஆனது, அதுவும் தொரட்டியோடு ஓடிவந்துதான்.

சரி, அந்த வீடியோவுக்கு வருகிறேன். குழுவில் நான் யாரையும் திட்டவில்லை என்றேன். எழுதத் தொடங்கி அழித்தேன் என்பதுதான் உண்மை. 'அது பிடிவாதம் இல்லை, மூச்சு முட்டுகிறது' என்று எழுதினால், 'மறுநாள் வெட்டப்போகிற கிடாவுக்கு மூச்சு முட்டினால் என்ன, நீ கறி சாப்பிட மாட்டாயா' என்று ஒருவர் கேட்பார். சாப்பிடுவேன். தலைக்கறி என்றால் இன்னும் இரண்டு இட்லி கூடுதலாகவே போகும். இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதே கொடையில் அதே கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் சொல்லட்டும் என்று ஊரே வாய்மூடிக் காத்து நிற்கும். சில சமயம் பத்து நிமிஷம்கூட நிற்கும். அவ்வளவு பொறுமை உள்ள ஊருக்கு, தெருமுனையிலிருந்து கோயில் வரை அதை நடத்திக்கொண்டு போக மட்டும் பொறுமை இல்லை. பிடிவாதம் என்ற சொல் அங்கே நமக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது. நானும் அன்றைக்கு விலக்கில் அந்தச் சொல்லைத்தான் முணுமுணுத்துக்கொண்டு இழுத்தேன், அதன் நாக்கு வெளியே வரும் வரை.

அந்த ஆடு ஐப்பசி கடைசியில் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் பெட்டை. அன்றைக்குச் சரிந்து விழுந்ததில் சினை கலைந்துவிடுமோ என்று இரண்டு மாதமும் நான் மதுரையிலிருந்து தினமும் போன் செய்துகொண்டிருந்தேன். சித்திக்குச் சலித்துப்போய், "ஒம் பொண்டாட்டி மாசமா இருக்கும்போது இத்தன போன் போட்டியா" என்று கேட்டாள். கழுத்துப் புண் ஆறிவிட்டது. ஆனால் கயிறு அறுத்த இடத்தில் கறுப்பு முடி திரும்பி வரவில்லை. கழுத்தைச் சுற்றி அரை விரல் அகலத்தில் வெள்ளையாக முளைத்தது, வரைந்து வைத்த மாதிரி.

போன தைப் பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது ஒரு வியாபாரி தொழுவுக்கு வந்தார். நாலைந்து ஆட்டைப் பார்த்துவிட்டு அதனிடம் வந்தார். இப்போது அதற்கு வயசாகிவிட்டது, பல்லெல்லாம் சேர்ந்து தேய ஆரம்பித்துவிட்டது. தாடையைப் பிடித்துத் திருப்பி, கழுத்து வெள்ளையில் விரலை ஓட்டினார்.

"கன்னிக்கு மூஞ்சியில வரி இருக்கும், கால்ல இருக்கும். கழுத்துல எப்படிக்கா?"

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. தவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்க வீட்டு ஆட்டுக்கு இருக்கும்" என்றாள்.